‘அப்பால’ என்று சொன்னதற்காகப் பி.எட். படிப்பை விட்டுவிடலாமா?

சென்னையின் மீன்பிடித் துறைமுகப் பகுதியான காசிமேட்டிலிருந்து ஒரு பெண் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றிவிட்டு, விஷயத்தை மட்டும் இங்கே சுருக்கித் தருகிறேன்.

வயது 23. அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். அம்மா மார்க்கெட்டில் மீன் வெட்டிக் கொடுக்கிறார். வீட்டில் முதல் பட்டதாரி இவர்தான். பி.எஸ்சி. இயற்பியல் படிக்கும்போது ‘புதுமைப் பெண்’ திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வந்தது; பட்டத்தோடு அது நின்றுவிட்டது. இப்போது வடசென்னையில் ஒரு தனியார் கல்லூரியில் பி.எட். இரண்டாம் ஆண்டு. பக்கத்துப் பள்ளி ஒன்றில் பயிற்சி ஆசிரியராகப் போய் மூன்று வாரம் ஆகிறது.

இரண்டாவது வாரத்தில் எட்டாம் வகுப்புக்கு உராய்வு நடத்தியிருக்கிறார். மேசையில் பந்தை வைத்து, “இத உருட்டி வுடு, அப்பால என்னா ஆவுதுன்னு பாரு” என்று ஒரு பையனிடம் சொன்னாராம். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பெழுதிக்கொண்டிருந்த கைடு டீச்சர் (பயிற்சியை மேற்பார்க்கும் பள்ளி ஆசிரியர்), “இது கிளாஸா, மீன் மார்க்கெட்டா?” என்று சத்தமாகக் கேட்டிருக்கிறார். வகுப்பே சிரித்தது. சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, பெல் அடிக்கும்வரை நின்றதாக எழுதியிருக்கிறார். அன்றிலிருந்து காலையில் புடவை கட்டும்போதே வயிற்றைப் புரட்டுகிறது, குரல் நடுங்குகிறது. நான்கு நாள் பள்ளிக்கே போகவில்லை.

இந்த நேரத்தில் கல்லூரி பாக்கிக் கட்டணம் 18,000 ரூபாய் கேட்கிறது. ‘பிராக்டிகல் செலவு’ என்று தனியாக 6000 ரூபாய், ரசீது இல்லாமல். மீன்பிடித் தடைக்காலத்தில் சுயஉதவிக் குழுவில் வாங்கிய கடனே இன்னும் அடையவில்லை. ஒரிஜினல் சான்றிதழ்கள் எல்லாம் கல்லூரியில் இருக்கின்றன. அலுவலகத்தில் ஒருவர், “கொஞ்சம் சேர்த்துக் கட்டினா ஸ்கூலுக்கே போக வேணாம்மா, அட்டெண்டன்ஸ் நாங்க பாத்துக்கறோம்” என்றாராம்.

அவர் கேட்பது இவ்வளவுதான்: எனக்கு ஆசிரியர் வேலைக்குத் தகுதி இல்லையா? படிப்பை விட்டால் சான்றிதழ் கிடைக்குமா? பணம் கட்டிவிட்டு வீட்டில் இருந்துவிடலாமா? சின்னப் பிள்ளைகள் சிரிக்க மாட்டார்கள், ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்புக்குப் போய்விடலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரு வரியை மூன்று முறை படித்தேன். “எங்க வீட்டுப் பேச்சு என் வாயிலிருந்து போகாது மேடம்” என்று எழுதியிருக்கிறீர்கள், ஏதோ தீராத நோயைச் சொல்வதுபோல. மற்ற கேள்விகளுக்கு விதியும் சட்டமும் பதில் சொல்லும். இதற்கு முதலில் நான் பதில் சொல்ல வேண்டும்.

வாயில் வரும் பேச்சு

‘அப்பால்’ பழைய தமிழ் இலக்கியத்தில் உள்ள சொல். பேச்சில் அது ‘அப்பால’ ஆகி, ‘பிறகு’ என்ற பொருளில் வழங்குகிறது. ‘இட்டாந்தான்’ என்பதைப் பிரித்தால் ‘இட்டு வந்தான்’, அதாவது அழைத்து வந்தான் என்று இலக்கணப்படியே நிற்கும். கூடவே உருதுவிலிருந்து வந்த பேஜார், நாஸ்தா. டச்சு நாணயத்தின் பெயரிலிருந்து வந்த துட்டு. துறைமுகத்தை ஒட்டி வாழ்ந்தவர்கள் பலரோடும் பேசிப் பழகிச் சேர்த்த மொழி இது. கொச்சை என்று ஒதுக்க இதில் ஒன்றும் இல்லை.

கைடு டீச்சர் செய்தது தவறு. திருத்த வேண்டியிருந்தால் வகுப்பு முடிந்தபிறகு, உங்களைத் தனியாக அழைத்துச் சொல்லியிருக்க வேண்டும். அந்த அறையில் இருந்த நாற்பது பிள்ளைகளில் எத்தனை பேருடைய அம்மா காலை மூன்று மணிக்குக் கூடையோடு கிளம்புகிறவர்? ‘மீன் மார்க்கெட்’ என்ற கேலியை அந்தப் பிள்ளைகளும்தான் வாங்கிக்கொண்டார்கள். எல்லோரோடும் சேர்ந்து சிரித்திருப்பார்கள். வீட்டுக்குப் போகும் வழியில் என்ன நினைத்தார்களோ, அதுதான் என் கவலை. பிள்ளைகள் பயமும் பதற்றமும் இல்லாமல் படிக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 29-வது பிரிவே சொல்கிறது.

ஆனால் அவர் சொன்னதில் எடுத்துக்கொள்ள வேண்டிய ஒன்றும் இருக்கிறது. அந்தப் பிள்ளைகள் தேர்வை எழுத்துத் தமிழில்தான் எழுத வேண்டும். புத்தகத்துச் சொல்லை அவர்கள் கையில் கொடுக்க வேண்டியது உங்கள் வேலை. இதற்காக வீட்டுப் பேச்சை விட வேண்டியதில்லை. வாயில் ஒன்று, கரும்பலகையில் ஒன்று என்று இரண்டையும் சேர்த்துக் கையாளப் பழகினால் போதும். நீங்கள் புத்தகத்தில் இருந்த பந்தை உருட்டியிருக்கிறீர்கள். மீன் ஏலக் கூடத்தில் ஈரத் தரையில் ஐஸ் பெட்டியை ஒரு தள்ளு தள்ளினால் எவ்வளவு தூரம் போகிறது, அதே பெட்டி காய்ந்த சிமெண்டில் ஏன் அசைய மறுக்கிறது என்று கேட்டிருந்தால் பாதி வகுப்பு கையைத் தூக்கியிருக்கும். “வழுக்கினு போவுது மிஸ்” என்று ஒருவன் சொல்வான். “ஆமா, வழுக்கினு போவுது” என்று சொல்லிக்கொண்டே கரும்பலகையில் ‘ஈரத்தில் உராய்வு குறைகிறது’ என்று எழுதுங்கள். அவன் சொன்னதும் புத்தகம் சொல்வதும் ஒன்றுதான் என்று அவனுக்கு அந்த நிமிடம் தெரிந்துவிடும். வேறு பகுதியிலிருந்து வருகிற ஆசிரியர் இந்த உதாரணத்தைத் தேடிப் போக வேண்டும். உங்களுக்கு அது வீட்டுக்கு எதிரிலேயே இருக்கிறது.

புரட்டும் வயிறு, நடுங்கும் குரல்

இதைத் தகுதிக் குறைவு என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். இது பயம். பயத்துக்கு ஒரு குணம் உண்டு. போகாமல் இருந்த அன்று காலை ஒன்பது மணிக்கு உடம்பு லேசாகிவிடும். ‘நல்லவேளை போகவில்லை’ என்று மனம் பாடம் படித்துக்கொள்ளும். மறுநாள் காலை அதே பயம் இரண்டு மடங்காக வந்து நிற்கும். அந்த நான்கு நாளும் உங்களுக்கு ஓய்வாக இல்லாமல் போனது இதனால்தான்.

அதனால் திங்கட்கிழமை போய்விடுங்கள். தைரியம் வந்தபிறகு போகலாம் என்று காத்திருந்தால் அது வராது. போகப் போகத்தான் வரும். என்னிடம் வருகிற பயிற்சி ஆசிரியர்களுக்கு நான் சொல்வதை உங்களுக்கும் சொல்கிறேன். பெல் அடிப்பதற்கு முன்பே வகுப்பில் போய் நில்லுங்கள். முதல் இரண்டு நிமிடம் என்ன பேசப் போகிறீர்கள் என்பதை மட்டும் வரி பிசகாமல் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். நடுக்கம் பெரும்பாலும் அந்த இரண்டு நிமிடத்தில்தான். மூன்றாவது நிமிடத்தில் பிள்ளைகள் கையில் ஒரு பொருளைக் கொடுத்துவிடுங்கள். ரப்பர், உப்புத்தாள், சோப்பு, எதுவானாலும் சரி. நாற்பது ஜோடிக் கண்கள் உங்கள் முகத்தை விட்டு அந்தப் பொருளுக்குப் போய்விட்டால் மூச்சு தானாகச் சீராகும். மைக்ரோ டீச்சிங் என்ற கல்லூரிப் பயிற்சியில் ஆறேழு பேர் முன்னால் ஐந்து நிமிடம் நின்று பழகியதும் இதுவும் ஒன்றல்ல. அங்கே கேட்டுக்கொண்டிருந்தவர்கள் உங்கள் தோழிகள்.

இரண்டு வாரம் தாண்டியும் தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றாலோ, வாழ்வதே வேண்டாம் என்ற நினைப்பு ஒருமுறை எட்டிப் பார்த்தாலோ, என் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம். டெலி மானஸ் இலவச எண் 14416-ஐ எந்த நேரத்திலும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். உங்களுக்குப் பக்கத்திலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

“நாங்க பாத்துக்கறோம்” என்றவர்

அவர் சொன்னதை ஏற்காதீர்கள். ‘எல்லோரும் அப்படித்தான் வாங்குகிறார்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லோரும் இல்லை. அப்படியே பலர் செய்தாலும், வராத நாளுக்கு வந்ததாகக் கையெழுத்துப் போட்ட பதிவேடு பொய் ஆவணம். நாளைக்குப் புகார், ஆய்வு என்று வந்தால் கேள்வி உங்கள் சான்றிதழின் மேல்தான் வரும். பணம் வாங்கியவர் அங்கே இருக்க மாட்டார். அது ஒருபுறம் இருக்கட்டும். வகுப்பில் நிற்கப் பயம் என்பதுதான் உங்கள் பிரச்சினை. நிற்கவே நிற்காமல் பட்டம் வாங்கினால் அந்தப் பயம் பட்டத்தோடு சேர்ந்து வேலைக்கும் வரும்.

கணக்கைப் பாருங்கள். தேசிய ஆசிரியர் கல்விக் கழகத்தின் 2014-ஆம் ஆண்டு விதிமுறைகள்தான் பி.எட்.டை இரண்டு ஆண்டாக்கின. அதன்படி பாட வகுப்புகளுக்கு 80 சதவீத வருகை போதும், பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீதம் வேண்டும். இரண்டாம் ஆண்டுப் பயிற்சி 16 வாரம். வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் 80 நாள். 72 நாள் நீங்கள் பள்ளியில் இருந்தாக வேண்டும். விடுவதற்கு இருந்தது எட்டு நாள், அதில் நான்கு போய்விட்டது. காய்ச்சலுக்கும் வீட்டு விசேஷத்துக்கும் சேர்த்து மீதி நான்குதான். உங்கள் கல்லூரி எப்படிக் கணக்கிடுகிறது என்பதைத் திங்கட்கிழமையே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

கொஞ்ச நாள் இடைவெளி வேண்டும் என்று உண்மையாகவே தோன்றினால் அதற்கு நேர்வழி இருக்கிறது. இரண்டு ஆண்டுப் படிப்பை, சேர்ந்த நாளிலிருந்து அதிகபட்சம் மூன்று ஆண்டுக்குள் முடிக்க அதே விதிமுறைகள் அனுமதிக்கின்றன. எழுத்தில் கேட்டு, கல்லூரி வழியாகப் பல்கலைக்கழகத்தின் ஒப்புதல் வாங்கி, அடுத்த ஆண்டு மாணவர்களோடு பயிற்சியை முடிக்கலாம். ஆனால் ஒரு வருடம் போய்விடும், செலவும் கூடும். உங்களுக்கு அது இப்போது தேவைப்படும் என்று எனக்குத் தோன்றவில்லை.

சான்றிதழும், ரசீது இல்லாத பணமும்

பாக்கியைக் கட்டாதவரை சான்றிதழ் கல்லூரிக்குத்தான் சொந்தம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அப்படி இல்லை. சேர்க்கையின்போது ஒரிஜினலைச் சரிபார்த்து, உடனே மாணவரிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் அறிவிக்கை வெளியிட்டிருக்கிறது. பல்கலைக்கழகங்களோடு இணைந்த கல்லூரிகளுக்கும் இது பொருந்தும். அடகுக் கடையில் நகையை வைத்துக்கொள்வதுபோல மாணவரின் சான்றிதழைப் பிடித்து வைக்க முடியாது. படிப்பைத் தொடர்ந்தாலும் சரி, விட்டாலும் சரி, உங்கள் ஒரிஜினலைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

அதே அறிவிக்கையைக் காட்டிக் கட்டிய பணத்தைத் திரும்ப வாங்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சேர்க்கையின் கடைசி நாளுக்கு 15 நாள் முன்பே விலகினால், செயல்முறைக் கட்டணமாக ஒரு சிறு தொகை போக முழுத் தொகையும் வரும். பிறகு 90, 80, 50 சதவீதம் என்று குறைந்து, கடைசி நாளுக்குப் பிறகு 30 நாள் தாண்டினால் ஒன்றும் வராது. இரண்டாம் ஆண்டின் நடுவில் இருக்கும் உங்களுக்குக் கட்டிய பணம் கட்டியதுதான்.

பாக்கிக் கட்டணம் 18,000 ரூபாய் வேறு, ‘பிராக்டிகல்’ 6000 வேறு. முதலாவது நீங்கள் ஒப்புக்கொண்டு சேர்ந்த கட்டணம். அதை இரண்டு மூன்று தவணையாகக் கட்ட அவகாசம் கேட்டுக் கல்லூரி முதல்வருக்கு எழுதுங்கள். தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் கடலுக்குப் போக முடியாது என்பதையும் குழுக் கடன் நிற்பதையும் அப்படியே எழுதலாம். இரண்டாவது பணத்துக்கு ரசீது கேளுங்கள். நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் வாங்குவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1992-இலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. ரசீது என்று கேட்டதுமே பல இடங்களில் பேச்சின் தொனி மாறிவிடும்.

இதில் ஆபத்தும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். செய்முறை மதிப்பெண்ணில் ஒரு பகுதி அவர்கள் கையில் இருக்கிறது. அதனால் எடுத்த எடுப்பில் புகாரில் ஆரம்பிக்க வேண்டாம். முதலில் உங்களுக்குப் பொறுப்பான கல்லூரி ஆசிரியரிடம் நடந்ததைச் சொல்லி, வேறு கைடு டீச்சரின் கீழ் மாற்றித் தர முடியுமா என்று கேளுங்கள். அப்புறம் முதல்வருக்கு எழுத்தில் மனு. கொடுத்த மனுவின் நகலில் முத்திரையோடு தேதி வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால், 2023-இல் வந்த மானியக் குழு விதிகளின்படி ஒவ்வொரு கல்வி நிறுவனத்திலும் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும், அதற்கு மேல் பல்கலைக்கழகத்தில் குறைதீர்ப்பாளர் இருக்க வேண்டும். உங்களுக்குப் பல்கலைக்கழகம் காரப்பாக்கத்தில் உள்ள ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம். தனியாகப் போகாமல், இதே 6000 ரூபாய் கேட்கப்பட்ட இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து போங்கள்.

சின்னப் பிள்ளைகளுக்கு மாறுவது

இங்கே நீங்கள் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள், ஏமாறாமல் இருக்க இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான ஆசிரியர் பணிக்குப் பி.எட். தகுதி ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்ட் 11-இல் தீர்ப்பளித்தது. அதற்குத் தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பு வேண்டும், பிளஸ் டூவுக்குப் பிறகு இரண்டு ஆண்டு. சிறு குழந்தைகளுக்கு எழுத்தறிவிப்பது தனிப் பயிற்சி வேண்டிய வேலை என்பதால்தான் இந்தப் பிரிவினை. ஒன்றாம் வகுப்பு சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். ஆறு வயதுப் பிள்ளைகள் நாற்பது பேர் கேலி செய்ய மாட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் நாற்பது பேரும் ஒரே நேரத்தில் “மிஸ்” என்பார்கள்.

உங்கள் பி.எட்.டுக்கு உள்ள வழிகள் இவை. ஆறு முதல் எட்டு வரை எடுக்க ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளில் தேர்ச்சி வேண்டும். 150 மதிப்பெண், பொதுப் பிரிவுக்குத் தேர்ச்சி 90, இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. கணிதமும் அறிவியலும் 60, மொழிகள் இரண்டுக்கும் முப்பது முப்பது, குழந்தை மேம்பாடும் கற்பித்தலும் 30. ‘ரெக்கார்டு எழுதத்தான் உதவும்’ என்று நீங்கள் அலுத்துக்கொண்ட உளவியல் பாடம்தான் அந்தக் கடைசி 30. தகுதித் தேர்வில் தேறினால் அரசு வேலை வந்துவிடாது. 2018-இல் வந்த அரசாணையின்படி, நியமனத்துக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்தும் போட்டித் தேர்வை அப்புறம் தனியாக எழுத வேண்டும். எம்.எஸ்சி.யும் முடித்தால் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புக்கான முதுகலை ஆசிரியர் தேர்வு எழுதலாம். தனியார் பள்ளிகள் இருக்கின்றன, சம்பளம் இடத்துக்கு இடம் மாறும். ‘பி.எட். முடித்தால் கவர்ன்மெண்ட் வேலை’ என்று வீட்டில் எதிர்பார்த்திருந்தால், இடையில் இரண்டு தேர்வும் சில வருடங்களும் இருக்கின்றன என்று அப்பாவிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

என் முடிவு

விட வேண்டாம். இந்த 16 வாரத்தை முடித்துவிடுங்கள். ஒரு வகுப்பில், ஒரு ஆசிரியர், ஒரு நாள் சொன்ன ஒரு வார்த்தையை வைத்து முடிவெடுக்கப் போகிறீர்கள். மீதி வாரங்களில் முப்பது, நாற்பது பாடங்களாவது எடுத்தபிறகும் இந்த வேலை பிடிக்கவில்லை என்று தோன்றினால், அப்போது விடுங்கள். அந்த முடிவுக்கு நானே துணை நிற்பேன். பட்டம் கையில் இருக்கும். இயற்பியல் படித்தவருக்கு வேறு வேலையும் உண்டு. இன்று விட்டால் வேலை பிடிக்காமல் விட்டதாக இருக்காது. அந்தக் கேலி சொன்ன இடத்தில் நீங்கள் நின்றுவிட்டதாகத்தான் இருக்கும், அது உங்களுக்கு வெகுநாள் உறுத்தும்.

நடந்ததை அம்மாவிடம் சொல்லவில்லை, ‘மீன் மார்க்கெட்’ என்ற வார்த்தையைக் கேட்டால் அவருக்கு வலிக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். வலிக்கும்தான். ஆனாலும் சொல்லுங்கள். நான்கு நாள் வீட்டிலிருந்து கிளம்பி எங்கேயோ உட்கார்ந்துவிட்டு வந்ததை நீங்கள் தனியாகச் சுமக்கத் தேவையில்லை. அப்புறம், உராய்வை அடுத்து அழுத்தம் நடத்தப் போவதாக எழுதியிருந்தீர்கள். அருவாமனை மழுங்கினால் அதே கை, அதே பலம், மீன் மட்டும் ஏன் அறுபட மாட்டேன் என்கிறது? முனையின் பரப்பு கூடிவிட்டது, அழுத்தம் குறைந்துவிட்டது. கல்லில் தீட்டும்போது அம்மா என்ன செய்கிறார், எத்தனை நாளைக்கு ஒருமுறை தீட்டுகிறார், வஞ்சிரத்துக்கு ஒரு மாதிரியும் நெத்திலிக்கு ஒரு மாதிரியும் பிடிக்கிறாரா என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் லெசன் பிளானின் முதல் பக்கத்துக்கு அது வேண்டும்.